குங்குமம் வைத்த ஏர் ஃபில்டர்

மல்லிகா,

உன் அறைக்கும் நான் உட்கார்ந்திருக்கும் இந்த நாற்காலிக்கும் நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை. தபால் தலை தேவைப்படாத கடிதம் இது. நேரிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் உயர்ந்துவிடும். நீயும் "சரிப்பா" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாய். இந்த வீட்டில் நாம் இருவரும் அப்படித்தான் பேசிப் பழகியிருக்கிறோம். அதனால் எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டவும் இல்லை. சாமி மேடைக்குப் பக்கத்தில், உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டின்மேல் திறந்தே வைக்கப் போகிறேன். உன் அம்மா படிக்கட்டும். மாப்பிள்ளை வந்தால் அவரும் படிக்கட்டும். பத்திரிகை வாங்க வருகிற சொந்தக்காரர்களுக்குப் பொழுது போகவில்லை என்றால் அவர்களும் படித்துவிட்டுப் போகட்டும். உன்மேல் நான் பழி போட்டது நாலு பேர் முன்னால். அதைத் திரும்ப எடுப்பதும் நாலு பேர் முன்னால்தான் நடக்க வேண்டும்.

பெண் பார்க்க வந்த அன்று நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாப்பிள்ளை உள்ளதை உள்ளபடி சொன்னார். செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலை, தோட்டத்து வீடு, மெயின் ரோட்டிலிருந்து செம்மண் ரோட்டில் ஏழு மைல் உள்ளே போக வேண்டும், பஸ் கிடையாது, வெயில் அடித்தால் தூசி, மழை பெய்தால் சேறு என்றார். கல்யாணத்துக்கு முன்னாலேயே இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்கிற ஆளை எனக்குப் பிடித்துப்போனது. பிறகு உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அங்க ஜீப்பு இருந்தாத்தான் சமாளிக்க முடியும். எனக்கு அதப் பத்தி ஒண்ணுமே தெரியாது. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் தெரியாதுங்க" என்றாய். நான் கேசரித் தட்டை நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் போகிறவரை நான் அந்தத் தட்டை யாருக்கும் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்ததாக அப்புறம் எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்குத் தெரியாது என்று நீ சொல்ல வேண்டிவந்ததற்குக் காரணம் நான்.

மாப்பிள்ளைக்கு நம் வீட்டு ஜீப்பின் கதை தெரியாது. அவருக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். ரப்பர் எடுக்கிற பால்மரத் தோட்டத்தில் நான் பெரிய துரையின் ஜீப்பு டிரைவராக இருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். துரை ஊருக்குக் கிளம்பும்போது, யாருக்கும் வேண்டாத அந்தப் பழைய ஜீப்பின் சாவியை என் கையில் போட்டுவிட்டுப் போனார். உன்னையும் உன் அம்மாவையும் இரண்டு டிரங்குப் பெட்டியையும் ஒரு கோழிக்கூண்டையும் ஏற்றிக்கொண்டு நான் ஈப்போவை ஒட்டிய இந்தப் புந்தோங்குக்கு வந்தேன். அழுதுகொண்டே தோட்டத்தை விட்டுக் கிளம்பிய கதை கேட்க வேண்டுமென்றால் வேறு வீட்டுக்குப் போ. நாம் அப்படிக் கிளம்பவில்லை. நீ முன்சீட்டில் நின்றுகொண்டு வழியில் பார்த்த மாட்டுக்கெல்லாம் ஹாரன் அடித்தாய். கியர் மாற்றுவதற்குள் "அப்பா, மூணு! அப்பா, ரெண்டு!" என்று சத்தத்தை வைத்தே எனக்கு உத்தரவு போட்டாய். அப்போது உனக்கு ஏழு வயதுகூட முடியவில்லை. உன் அம்மா, "இது பொண்ணா, கண்டக்டரா?" என்று கேட்டுக் கோழிக்கூண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

புந்தோங்கிலிருந்து குவாரி ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் சிம்பாங் பூலாய்க்குப் போய்வருவது என் வேலையானது. சுண்ணாம்பு மலையை உடைக்கிற இடம். அங்கே வெள்ளைத் தூசி கோதுமை மாவு போல நைசாக இருக்கும். மாலையில் வீட்டுக்கு வரும்போது என் புருவம்கூட நரைத்திருக்கும். நீ ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "இப்ப அப்பா வந்துட்டாரு" என்பாய். மனுசனுக்குத் துடைத்துவிட மகள் இருக்கிறாள். இன்ஜினுக்கு ஏர் ஃபில்டரை விட்டால் யாரும் இல்லை. இன்ஜினும் மூச்சு விட்டுத்தான் ஓடுகிறது. தூசியோடு மூச்சு விட்டால் உள்ளே இருக்கிற இரும்பை அந்தத் தூசி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் தின்றுவிடும். அது வெளியில் தெரியாது. புகை வருகிற அன்றைக்குத்தான் தெரியும். அன்றைக்குத் தெரிந்து ஒன்றும் செய்ய முடியாது.

எந்த ஃபில்டர் நல்லது என்பதில் நான் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். ஜீப்போடு வந்தது எண்ணெய்க் கிண்ணம் வைத்தது. நல்ல சாமான்தான், கனம் அதிகம். குவாரி மேட்டில் வண்டி சாயும்போதெல்லாம் எண்ணெய் சிந்தும். கடைசியில் கிண்ணமே துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. அடுத்துக் காகித ஃபில்டர் போட்டேன். தார் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அது போதும். குவாரியில் இரண்டே நாளில் அடைத்துக்கொண்டது. கழுவவும் முடியாது, தட்டித் தட்டி என் கைதான் வலித்தது. அப்புறம்தான் எனக்கு அந்த அறிவு உதித்தது. உன் அம்மாவின் ஸ்பாஞ்சுத் தலையணையை அறுத்து, பிஸ்கட் டின்னுக்குள் அடைத்து, இன்ஜின் மேல் மாட்டினேன். மூன்றாவது நாள் வண்டி இருமியது. நம் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் ஆ சோங் திறந்து பார்த்தான். பாதித் தலையணை பெட்ரோல் ஆவியில் குழைந்து உள்ளே போயிருந்தது. "மச்சான், ஜீப்பு தூங்கவா போவுது? தலகாணி போட்டிருக்க லா!" என்று தரையில் உட்கார்ந்து சிரித்தான். உன் அம்மா சிரிக்கவில்லை. அது அவள் கல்யாணத்துக்கு வந்த தலையணை.

ஆ சோங்தான் சிலிபினில் ஒரு மோட்டார் சைக்கிள் கடையைச் சொன்னான். மேடு பள்ளத்தில் ஓட்டுகிற ஸ்கிராம்ப்ளர் பைக்குக்கு எண்ணெயில் ஊறவைத்த ஃபோம் போடுவார்கள், அதை வாங்கி வெட்டிக்கொள் என்றான். உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். உனக்குப் பதினொரு வயது. கடைக்காரர் இருப்பதிலேயே தடிமனான துண்டை எடுத்து என் கையில் திணித்தார். நானும் தலையாட்டிவிட்டேன். நீ மட்டும் ஒவ்வொரு துண்டாக எடுத்து வாயில் வைத்து ஊதினாய். "எச்சி படுது லா பாப்பா!" என்று அவர் கத்தினார். நீ காதில் வாங்கவே இல்லை. "இது மூச்சே விடலப்பா, இன்ஜின் திணறும். இது ரொம்ப விடுது, தூசியும் போவும்." பிறகு வாசலுக்குப் போய் வெயிலில் தூக்கிப் பிடித்து, துளைக்கண் எல்லாம் ஒரே அளவாக இருக்கிறதா, நடுவில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தாய். கடைசியில் கொஞ்சம் பெரிய கண் உள்ளது ஒன்று, நைசானது ஒன்று என இரண்டை எடுத்து, "பெருசு வெளிய, நைசு உள்ள" என்றாய். யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. கடைக்காரர் தடிமனான துண்டைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு, "உங்க பொண்ணா அண்ணே?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு வந்த கர்வம் இருக்கிறதே, திரும்பி வரும்போது ஒரு சிவப்பு விளக்கில் நிற்க மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஃபில்டர் உன் பொறுப்பு. ரேடியோவில் பாட்டு ஓடும். பின்கட்டில் பேசினை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பாய். மாப்பிள்ளை, இதைக் கவனமாகப் படியுங்கள், என் மகள் செய்த மாதிரியே எழுதுகிறேன். முதலில் மண்ணெண்ணெயில் அலசி அழுக்கெண்ணெயை எடுக்க வேண்டும். பெட்ரோல் கூடாது, ஃபோம் இற்றுப்போகும், தீயும் பிடிக்கும். பிறகு சோப்புத் தண்ணீர். துணி முறுக்குவது போல முறுக்கக் கூடாது, கிழியும். உள்ளங்கையில் வைத்து அமுக்க வேண்டும். நிழலில் காய வேண்டும், ஒரு பொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. காய்ந்த பிறகுதான் முக்கியமான வேலை. இன்ஜின் எண்ணெயை ஊற்றி, பரோட்டா மாவு பிசைகிற மாதிரி எல்லா இடத்திலும் படும்படி பிசைந்து, அதிகப்படியை அமுக்கி எடுத்துவிட வேண்டும். சொட்டவும் கூடாது, வெளுத்தும் தெரியக் கூடாது. தூசியைப் பிடித்து நிறுத்துவது அந்த எண்ணெய்தான். எண்ணெய் இல்லாத ஃபோம் வாசல் கதவைத் திறந்து வைத்தது போல. மாட்டிய பிறகு விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். நீ இதோடு விடமாட்டாய். அடுத்த வாரம் கழற்றும்போது ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிற குழாய்க்குள் விரலை விட்டுத் துழாவி, என் முகத்துக்கு நேரே நீட்டுவாய். "பாருங்கப்பா, சுத்தம்!" ஒரு வருடம் முழுக்க அந்த விரலில் நான் ஒரு துளி தூசி பார்த்ததில்லை.

இனி என் புத்திசாலித்தனத்தைச் சொல்கிறேன். ஆயுத பூசை வந்தது. ஜீப்பைத் தேய்த்துக் கழுவி, ஸ்பேனர், ஜாக்கி, சங்கிலி எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கினேன். நீ முதல் நாளே ஃபில்டரைக் கழுவி எண்ணெய் போட்டுப் பளிச்சென்று வைத்திருந்தாய். இந்த வீட்டில் ஜீப்பின் உயிரே அதுதானே என்று அதையும் தூக்கித் தாம்பாளத்தில் வைத்தேன். உன் அம்மா, "ஏங்க, எண்ணெய் பிசுபிசுன்னு ஒட்டுது, சாமி முன்னால இப்படியா வைப்பீங்க?" என்றாள். அவள் சொன்னது தாம்பாளத்தை மாற்றச் சொல்லி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஃபில்டரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். தலையில் எண்ணெய் போக நாம் என்ன தேய்க்கிறோம்? சீயக்காய். அதையே போட்டேன். கரகரவென்று தேய்த்தேன். எண்ணெய் முழுக்கப் போய்ப் புதுசு மாதிரி வெளுத்தது. காயவைத்து, மூன்று பட்டை விபூதி பூசி, நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம் வைத்தேன். மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குத் திருப்தி.

பூசையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் காலை எடுத்து, விபூதி குங்குமத்தோடு அப்படியே மாட்டினேன். நீ பள்ளிச் சீருடையோடு ஓடிவந்து, "அப்பா, எண்ணெய் போட்டீங்களா?" என்று கேட்டாய். ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், எனக்கு நேரமாகிவிட்டது. "சாமி முன்னால வச்சு எடுத்தது. தீபாவளி வரைக்கும் யாரும் அதுல கை வைக்கக் கூடாது. போ, பள்ளிக்கூடத்துக்குப் போ!" என்று கத்தினேன். நீ வண்டி முனை திரும்புகிறவரை நின்று பார்த்தாய். கண்ணாடியில் தெரிந்தது. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

அந்த வருடம் மழை தள்ளிப்போனது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது குவாரி மேட்டில் வண்டி நீலப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு ஆ சோங் பட்டறைக்கு வந்தோம். கூடவே குவாரி ஆட்கள் நாலு பேர். பள்ளி விட்டு வந்த நீ விஷயம் கேள்விப்பட்டு, உன் சின்ன ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்து என் பக்கத்தில் நின்றாய். ஆ சோங் குழாயைக் கழற்றினான். உள்ளே வெள்ளை மாவு அப்பியிருந்தது. கார்புரேட்டரின் வாயோரத்தில் சிவப்பாக ஒரு கோடு. அவன் விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோய், "இது என்ன செவப்பு லா?" என்றான்.

மல்லிகா, அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. குங்குமம் வைத்தது நான். எண்ணெயைக் கழுவியது நான். உன் கேள்வியைத் துரத்தியதும் நான். இதெல்லாம் ஒரு மூச்சில் எனக்குத் தெரிந்தது. குவாரி ஆட்களில் மூத்தவர், "டிரைவரே, என்னதான் ஆச்சு? நாங்க வேற வண்டி பாக்கணுமா?" என்று கேட்டார். வண்டி பார்க்கத் தெரியாத டிரைவர் என்று பெயர் வந்தால் அடுத்த நாள் எனக்கு வேலை இல்லை. பயந்துவிட்டேன். "எம் பொண்ணு கழுவினது லா. சின்னப் புள்ள, விளையாட்டுத்தனமா எதையோ பண்ணிட்டா" என்றேன். அவர்கள் சிரித்து, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேல?" என்றார்கள். நீ கையில் வைத்திருந்த சின்ன ஸ்பேனரை ஆ சோங்கின் மேசைமேல் சத்தம் வராமல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாய்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசின் காலியாக இருந்தது. அதற்கடுத்ததும். ஜீப்பைப் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு நான் வேன் ஓட்டப் போனேன். நீ நன்றாகப் படித்தாய், டைப்பிங் கற்றாய், ஈப்போவில் ஆபீஸ் வேலைக்குப் போனாய். நகத்தில் அழுக்கே இல்லாத கை. ஊரார் பாராட்டினார்கள். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் உன் அம்மா என் காதருகே வந்து, "இந்த வருசமாச்சும் சொல்லிடுங்க" என்பாள். பதினொரு ஆயுத பூசை போய்விட்டது. ஒவ்வொரு முறையும் கற்பூரம் ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மகளிடம் மன்னிப்புக் கேட்டால் அப்பன் என்கிற மரியாதை போய்விடும் என்று நினைத்திருக்கிறேன். எவ்வளவு முட்டாள்தனம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெண் பார்த்த மறுநாள் ஆ சோங்கிடம் போனேன். கடந்த மூன்று மாதமாக நான் கோயில் கமிட்டிக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனது அங்கேதான். நீ ஆபீஸ் போயிருந்த நேரம் பார்த்து ஜீப்பை அவன் பட்டறைக்கு இழுத்துப் போனோம். தார்ப்பாய்க்குக் கீழே இப்போது இருப்பது பழைய பலகையும் இரண்டு டிரம்மும். இன்ஜினைப் பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றினோம். ஒருநாள் பிஸ்டனைத் துடைத்துக்கொண்டே அவனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அன்னைக்கே தெரியும் லா மச்சான். சின்னப் புள்ள ஃபில்டருக்குப் பொட்டு வைக்குமா? நான் அப்பவே சொல்ல வந்தேன். உன் பொண்ணு என்னப் பாத்துத் தலய ஆட்டுச்சு, சொல்லாதன்னு. நாலு பேரு இருந்தாங்க இல்ல? அதான் நான் சும்மா இருந்தேன்" என்றான்.

நான் அந்தப் பிஸ்டனைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. எனக்கு வேலை போகக் கூடாது என்று அந்தப் பழியை நீ தெரிந்தே வாங்கிக்கொண்டாய். உன் அம்மாவிடம்கூட நீ இதைச் சொல்லவில்லை. அழுதேன் என்று எழுத எனக்குக் கூச்சமில்லை. அழுது முடித்ததும் ஒரு சந்தோஷம் வந்தது பார், தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. இவள் என் மகள் என்று.

நேற்று வெள்ளோட்டம் விட்டோம். புகை இல்லை, இருமல் இல்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, இதுதான் சீர், ஆனால் சாவி என் மகள் கையில்தான் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர், "நல்லதாப் போச்சு மாமா. அவங்க ஓட்டட்டும், நான் பக்கத்துல உக்காந்து வாரேன். தள்ளச் சொன்னா எறங்கித் தள்ளுறேன்" என்றார். நல்ல மனுசர். அவருக்கு ஸ்பேனர் எது, ஸ்பூன் எது என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடு.

ஒரு வேலை மட்டும் பாக்கி. வெள்ளோட்டத்துக்கு ஆ சோங் வேறொரு வண்டியின் ஃபில்டரைக் கடனாகப் போட்டு, வந்ததும் கழற்றிக்கொண்டான். நீ முன்பு எடுத்த ஃபோம் தொட்டாலே உதிர்கிறது. சிலிபின் கடைக்குப் போய் ஆறு துண்டு வாங்கிவந்தேன். எல்லாவற்றையும் ஊதிப் பார்த்தேன். எனக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம், வித்தியாசம் தெரியவில்லை. ஆறும் இந்தக் கடிதத்துக்குக் கீழே இருக்கின்றன. சின்ன ஸ்பேனரும் அங்கேதான் இருக்கிறது. ஆ சோங் அதைத் தன் மேசை டிராயரிலேயே இத்தனை வருடமும் வைத்திருந்திருக்கிறான். பின்கட்டில் பேசின், மண்ணெண்ணெய், எண்ணெய் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு நின்ற குவாரி ஆட்களில் மூன்று பேர் இன்னும் புந்தோங்கில்தான் இருக்கிறார்கள்; நாளைக் காலை பத்து மணிக்குப் பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் முன்னால் நான் சொல்ல வேண்டியதைச் சொல்வேன். அதன் பிறகு நீ ஃபில்டரை மாட்டு, வண்டியை எடு.

குங்குமத்தை நான் பானெட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்பா